அக்கி மாத்திரை நம் செல்லை ஏன் விட்டுவிடுகிறது?

கேள்வி: ஐயா, அம்மாவுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி. டாக்டர் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், தினமும் ஐந்து முறை, ஏழு நாள் எழுதியிருக்கிறார். "இத்தனை மாத்திரை உடம்பைக் கெடுக்கும், காவி எழுதினால் போதும்" என்கிறார் அத்தை. வைரஸை அழிக்கும் மருந்து நம் செல்களை மட்டும் விட்டுவைக்குமா?
— வாசகி, விருத்தாசலம்

பதில்: மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அம்மா. மருந்தியல் பாடம் நடத்திய காலத்தில் நான் மிகவும் விரும்பி நடத்திய மருந்து இது.

விழுங்கும்போது அசைக்ளோவிருக்கு எந்த வீரியமும் கிடையாது. பாஸ்பேட் என்னும் சிறு வேதித் துணுக்குகள் மூன்று அதன்மேல் ஏறினால்தான் அது வேலை செய்யும். முதல் பாஸ்பேட்டை ஏற்றுவது வைரஸின் நொதியான தைமிடின் கைனேஸ். நம் நொதிகள் அசைக்ளோவிரை அநேகமாகத் தொடுவதில்லை. ஆகவே வைரஸ் புகாத செல்லில் மருந்து சும்மா கிடந்து வெளியேறிவிடுகிறது. வைரஸ் புகுந்த செல்லில் கதை வேறு. முதல் பாஸ்பேட் ஏறிவிட்டால் மற்ற இரண்டையும் நம் செல்லின் நொதிகளே ஏற்றிவிடுகின்றன. இப்படி இரு தரப்பும் சேர்ந்து செய்த பொருளை வைரஸின் டிஎன்ஏவைப் படியெடுக்கும் இன்னொரு நொதியான டிஎன்ஏ பாலிமரேஸ், டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளான குவானின் என்று எடுத்து டிஎன்ஏ சங்கிலியில் கோக்கிறது. அடுத்ததைக் கோக்க அதில் கொக்கி இல்லை. சங்கிலி அங்கேயே அறுந்து நிற்கிறது. வைரஸின் ஒரு நொதியே இன்னொரு நொதிக்குப் பகையாகிவிடுகிறது!

இதை 1977-இல் விளக்கியது அமெரிக்க மருந்து ஆய்வாளர் கெர்ட்ரூட் எலியனின் குழு. பெண் என்பதற்காகவே ஆய்வக வேலை மறுக்கப்பட்டவர், முனைவர் பட்டம் பெறாதவர். 1988-இல் நோபல் பரிசு பெற்றார். என் மாணவிகளிடம் இதைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை நான் முடித்ததே இல்லை.

எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களிடம் சில சமயம் தைமிடின் கைனேஸை இழந்த வைரஸ் தலைதூக்கும். அங்கே அசைக்ளோவிர் தோற்கும். பாஸ்பேட் ஏறத் தேவையில்லாமல் பாலிமரேஸை நேரே தடுக்கும் பாஸ்கார்னெட் என்ற மருந்தை அப்போது இரத்தக் குழாய் வழியே ஏற்றுவார்கள்.

அத்தையிடம் சொல்லுங்கள்: காவி தோலோடு நின்றுவிடும், நரம்பில் பெருகும் வைரஸை எட்டாது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்குவது நல்லது. விழுங்குவதில் சிறு பங்கே இரத்தத்தில் சேர்ந்து, அதுவும் சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடுவதால்தான் ஐந்து முறை. தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; அளவைக் குறைப்பார்.

கேள்வி: மீதமாகும் மாத்திரையை ஃப்ளூ காய்ச்சலுக்குத் தரலாமா?
— அதே வாசகி

பதில்: கூடாது. ஃப்ளூ வைரஸிடம் தைமிடின் கைனேஸ் இல்லை. முதல் பாஸ்பேட்டே ஏறாது.