பதில்: ஜிம் கேரி நடித்த வால்டர் மிட்டி எங்கே கிடைக்கும்?

ஜிம் கேரி நடித்த வால்டர் மிட்டி படத்தை இரண்டு வாரமாகத் தேடுகிறேன், எங்கேயும் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். தேடுவதை நிறுத்திவிடுங்கள், அப்படி ஒரு படமே எடுக்கப்படவில்லை. ஆனால் கேரி அதில் நடிக்கப்போகிறார் என்று நீங்கள் சொன்ன பழைய பத்திரிகைச் செய்தியும் பொய்யில்லை, அதுதான் வேடிக்கை. 1947-ல் டேனி கே நடித்த முதல் வால்டர் மிட்டி படத்தைத் தயாரித்தவர் சாமுவேல் கோல்ட்வின்; அவருடைய மகன்தான் 1994-ல் கேரியை மனதில் வைத்து மறுஆக்கத்தைத் தொடங்கினார். நியூ லைன் என்ற திரைப்பட நிறுவனத்தில் வருடக்கணக்கில் எழுதினார்கள், திருத்தினார்கள், இயக்குநராக ரான் ஹோவர்ட் வந்தார், போனார், கடைசியில் உரிமை யாருக்கு என்று வழக்கே நடந்து அது மறுபடி மகன் கோல்ட்வின் கைக்கு வந்தது. அப்புறம் 2003-ல் ஸ்பீல்பெர்க் இயக்கப்போவதாகப் பேச்சு. அதுவும் நடக்கவில்லை. கேரி விலகி ஓவன் வில்சன், அவரும் விலகி, பிறகு மைக் மையர்ஸ், சாஷா பாரன் கோஹன் என்று பந்தல் போட்ட பிறகும் மாப்பிள்ளை மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்.

2011-ல் பென் ஸ்டில்லர் வந்து, நடிப்போடு இயக்கத்தையும் எடுத்துக்கொண்டு, 2013 கிறிஸ்துமஸுக்குப் படத்தைக் கொண்டுவந்தார். உங்களுக்குக் கிடைக்கப்போவது அதுதான். கேரி பாணிச் சிரிப்பை எதிர்பார்த்து உட்காராதீர்கள். ஐஸ்லாந்து மலைச்சாலையில் ஸ்கேட்போர்டில் இறங்கும் காட்சி அழகு, மற்றபடி கொஞ்சம் சோகம் கலந்த படம். சிரிக்கத்தான் வேண்டும் என்றால் டேனி கே படத்தையே பாருங்கள். மூலக் கதையை எழுதிய ஜேம்ஸ் தர்பருக்கு அது பிடிக்கவே இல்லை, எனக்குப் பிடிக்கும்.