உங்கள் படத்தில் இருப்பது ‘ஸ்கார்’ அல்ல

கேள்வி: சென்ற ஆகஸ்டில் கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் முதல் நாள் இரண்டு ஆண் சிங்கங்களையும், மறுநாள் மழைக்குப் பின் கரும்பிடரியோடு இன்னொன்றையும் படமெடுத்தேன். மூன்றும் ஒரே கூட்டணி (சேர்ந்து திரியும் ஆண் சிங்கங்கள்), உடன்பிறந்தவை, கண்ணருகே தழும்புள்ளது புகழ்பெற்ற ‘ஸ்கார்’ என்றார் ஓட்டுநர். இந்த ஆண்டும் போகிறேன். அதே சிங்கங்களைக் காட்டுவதாக உறுதி சொல்லி, ‘டிராக்கிங் பெர்மிட்’ (பின்தொடர்ந்து பார்க்கும் அனுமதிச் சீட்டு) என்று தனியாகப் பணம் கேட்கிறார் பயண முகவர். கொடுக்கலாமா? அதே சிங்கங்கள்தானா என்று நானே கண்டுபிடிக்க வழி உண்டா? படங்களை இணைத்திருக்கிறேன். (வாசகர், திருச்சி)

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். மசாய் மாராவில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சிங்க டிராக்கிங் பெர்மிட் என்று ஒன்று கிடையாது. நுழைவுக் கட்டணம் உண்டு. வெளிநாட்டவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர், மற்ற மாதங்களில் 100 டாலர். அதைக் கட்டிய பிறகு கண்ணில் படுகிற சிங்கத்தைப் பார்க்க வேறு சீட்டு தேவையில்லை. காட்டுச் சிங்கம் இந்த இடத்தில் இந்த நேரத்தில் நிற்கும் என்று உறுதி கொடுக்க எவராலும் முடியாது.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முகவர்கள் இதைக் காட்டித்தான் நம்பவைக்கிறார்கள். உகாண்டாவின் குயின் எலிசபெத் தேசியப் பூங்காவில், கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டிய சிங்கங்களை ஆய்வாளர்களோடு வண்டியில் பின்தொடர்ந்து பார்க்கும் ஏற்பாடு உண்மையிலேயே இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. அதன் படங்களையும் ரசீதையும் காட்டிக் கென்யாப் பயணத்துக்குப் பணம் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். நாடு வேறு, பூங்கா வேறு, அனுமதி கொடுக்கிற நிர்வாகமும் வேறு. உகாண்டா அனுமதியைக் கொண்டு மாராவில் ஒரு பூனையைக்கூடப் பின்தொடர முடியாது. முகவர் சீட்டு ஏதாவது அனுப்பினால், அதில் எந்த நாடு, எந்தப் பூங்கா என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள்.

இனி ஸ்கார். வலது கண்ணின் மேல் தழும்போடு உலகப் புகழ் பெற்ற அந்தச் சிங்கம் 2021 ஜூன் மாதம் ஏறத்தாழ 14 வயதில் இறந்துவிட்டது. மொரானி, சிகியோ, ஹண்டர் ஆகியவற்றோடு சேர்ந்து நால்வர் கூட்டணியாக மாராவை ஆண்டது. அது போன பிறகும் அதன் பெயர் விலைபோகிறது. ஆண் சிங்கங்கள் எல்லைக்காகச் சண்டையிடுபவை, முகத்தில் தழும்பில்லாத கிழச் சிங்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தழும்பை மட்டும் வைத்துப் பெயர் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

நம்ப வேண்டியது மீசைப் புள்ளிகளை. சிங்கத்தின் மேலுதட்டுக்கு மேல், ஒவ்வொரு மீசைமுடியின் அடியிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். அவை வரிசை வரிசையாக அமைந்திருக்கும். மேலே இருக்கிற முழு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே, மூக்குப் பக்கமாக, ஒன்றிரண்டு அல்லது நாலைந்து புள்ளிகள் தனித்து நிற்கும். அவை அந்த முழு வரிசையின் எந்தப் புள்ளிக்கு நேராக, எந்த இரண்டுக்கு நடுவில் நிற்கின்றன என்பதுதான் அந்தச் சிங்கத்தின் அடையாளம். குட்டியில் இருந்தது சாகும்வரை மாறாது. 1970இல் பென்னிகுவிக், ருட்னாய் என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்த இந்த முறையையே இன்றும் ஆய்வுக்குழுக்கள் பின்பற்றுகின்றன.

ஒன்றை மறக்காதீர்கள். இடக்கன்னமும் வலக்கன்னமும் ஒன்றுபோல இருக்காது. வலது பக்கப் படத்தை வலது பக்கத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பதினொரு படங்களில் நான்குதான் தேறின. மற்றவை நேர்முகம், அல்லது கொட்டாவி விடும்போது எடுத்தவை. வாய் திறந்தால் தோல் இழுபட்டுப் புள்ளிகள் இடம் மாறித் தெரியும். நான்காம் படத்தையும் ஒன்பதாம் படத்தையும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் வலக்கன்னம். இரண்டிலும் மூக்கிலிருந்து எண்ணினால் இரண்டாம் புள்ளிக்கு நேர்மேலே ஒன்று, நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே ஒன்று. காதின் வெளியோரத்தில் அதே அரைவட்டக் கிழிசல். அதாவது மறுநாள் பார்த்த கரும்பிடரிக்காரன் முதல்நாள் பார்த்தவனேதான். மழையில் நனைந்த பிடரி கறுத்துத் தெரிந்திருக்கிறது. நீங்கள் பார்த்தவை மூன்று அல்ல, இரண்டு.

பிடரியை வைத்து ஆள் சொல்வது இப்படித்தான் காலை வாரிவிடும். வயது ஏற ஏறப் பிடரி கறுக்கும், அடர்த்தியாகும். காயத்துக்குப் பின் உதிரவும் செய்யும். மூக்கு நுனி வயதை ஓரளவு காட்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் இளையது, பாதிக்குமேல் கறுத்திருந்தால் ஐந்தாறு வயது தாண்டியது.

‘உடன்பிறந்தவை’ என்பதையும் அப்படியே ஏற்காதீர்கள். நான்கும் அதற்கு மேலும் உள்ள பெரிய கூட்டணிகள் பெரும்பாலும் ஒரே கூட்டத்தில் வளர்ந்த உறவுகள். இரண்டும் மூன்றுமாகத் திரிபவற்றில் உறவே இல்லாதவை நிறைய. தனியாகத் திரிந்த இரண்டு, வழியில் சந்தித்துச் சேர்ந்துகொள்ளும்.

பெண் சிங்கங்களும் குட்டிகளும் வாழும் ஒரு கூட்டத்தை ஆண்களின் கூட்டணி கைப்பற்றினால் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகள் அங்கே நிலைக்கும். எனவே உங்கள் இரண்டு சிங்கங்களும் அதே பகுதியில் இருக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு பெண் சிங்கங்களோடு சில கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கூட்டணி கூட்டணிதான். விடிவதற்கு முன் கர்ஜனை கேளுங்கள், அது எட்டு கிலோமீட்டர் வரை கேட்கும். எந்தத் திசை என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, காப்பகத்தின் வாயிற்கதவு திறந்ததும் அந்தப் பக்கம் போகச் சொல்லுங்கள். கென்யா தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கத்தின் வெள்ளிப் பட்டயம் உள்ள வழிகாட்டியைக் கேட்டு வாங்குங்கள். முகவருக்குக் கொடுக்க இருந்த பணத்தை இதில் போடுங்கள்.

எனக்கு ஆத்திரமூட்டுவது வேறொன்று. ஆய்வுக்குழுவிடம் ஒரு பதிவேடு, விடுதி வழிகாட்டியிடம் ஒரு நோட்டு, ஓட்டுநர்களின் கைப்பேசிக் குழுவில் ஒரு பெயர். ஒரே சிங்கத்துக்கு மூன்று பெயர்கள்! பயணியிடம் 200 டாலர் வாங்குகிற இடத்தில், அங்கே வாழ்கிற ஆண் சிங்கங்களின் கன்னப் படங்களை வாயிலில் ஒட்டிவைத்தால் பாதிப் பொய் அன்றே ஒழிந்துவிடும். விதிகளும் அப்படித்தான், ஏட்டோடு சரி. ஒரு சிங்கத்தருகே ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, பாதையை விட்டு இறங்கக் கூடாது. ‘கொஞ்சம் கூடக் கொடுத்தால் கிட்டே போகலாம்’ என்று ஓட்டுநர் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

படத்தை அன்றே இடத்தோடு சமூக ஊடகத்தில் போடாதீர்கள். 2015 டிசம்பரில் மாடுகளை இழந்த மேய்ப்பர்கள் இறந்த மாட்டில் நஞ்சு வைத்ததில், மார்ஷ் பிரைடு கூட்டத்தின் பீபி என்ற 17 வயதுப் பெண் சிங்கமும் மாண்டது. சிங்கம் நிற்கும் இடம் தெரிந்தால் பார்க்க வருபவருக்கும் உதவும், கொல்ல நினைப்பவருக்கும் உதவும். படங்களை மாரா பிரிடேட்டர் கன்சர்வேஷன் புரோகிராம் போன்ற ஆய்வுக்குழுவுக்கு நாள், நேரத்தோடு அனுப்புங்கள்.

இந்த முறை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்போது, வாய் மூடிய முகத்தைப் பக்கவாட்டில் எடுங்கள். இரண்டாம் சிங்கத்தின் இடக்கன்னம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. வலக்கன்னம் கிடைத்தால் அனுப்புங்கள்.