மைதானத்தில் கழிந்த கல்லூரி நாட்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1993-இல் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்ந்து, மூன்று ஆண்டுகளும் வாலிபால் அணியில் செட்டராக, அதாவது ஸ்மாஷ் அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கித் தருபவராக ஆடினேன், பல்கலைக்கழக அணியிலும் இடம் கிடைத்தது. ஆனால், அரியர்களை எழுதி முடிக்கவே மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. விளையாட்டால் வேலையும் கிடைக்கவில்லை. இப்போது என் மகளும் அதே ஒதுக்கீட்டில் சேர விரும்புகிறாள். நான் வீணடித்ததைப்போல அவளும் தன் காலத்தை வீணடிக்க விடலாமா?
– ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: நெடுங்காலம் கல்லூரி உடற்கல்வி இயக்குநராக இருந்தவன் என்ற முறையில், உங்கள் தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை. விளையாட்டு ஒதுக்கீடு எழுதப்படாத ஓர் ஒப்பந்தம். கட்டணத்தில் சலுகை, விடுதியில் இடம், மெஸ்ஸில் கூடுதலாக முட்டையும் பாலும் கல்லூரி தருகிறது. மாணவர் தம் உடலுழைப்பைக் கொடுத்து, முதல்வர் அறையின் கண்ணாடி அலமாரிக்குச் சுழற்கோப்பைகளைச் சேர்த்துத் தருகிறார். உங்கள் பங்கை நீங்கள் பாக்கியின்றிச் செலுத்திவிட்டீர்கள்.

அன்றாடம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். விடியுமுன் மைதானம், பயிற்சி முடிந்ததும் நனைந்த ஜெர்சியைப் பாலிதீன் பையில் சுருட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓட்டம், முதல் மணிநேரத்திலேயே கண் சொருகும். சர்வீஸ் வைத்திருக்கும் அணிக்கே புள்ளி, எதிரணி வென்றால் சர்வீஸ் மட்டுமே கைமாறும் என்று விதி இருந்த காலத்தில் ஆடியவர் நீங்கள் என்பதால், சமபலமுள்ள இரண்டு அணிகள் மோதும் மாலைகளில் ஆட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை அறிவீர்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டி வெளிமாநிலத்தில் நடந்தால், ரயில் பயணத்தையும் சேர்த்து ஒரு வாரத்துக்கு மேல் வகுப்பு போய்விடும். வருகைப் பதிவேட்டில் ஓ.டி. (‘ஆன் டியூட்டி’, கல்லூரிப் பணியில் வெளியே) என்று குறித்துவிடுவார்கள், 75 விழுக்காட்டுக் கணக்கு நேராகிவிடும். ஆனால், அந்த நாட்களில் நடந்த பாடத்தையும் செய்முறை வகுப்பையும் மறுபடி நடத்தித்தர ஆள் இருக்காது. எனக்குத் தெரிந்த விளையாட்டு மாணவர்களில் பெரும்பாலோரின் அரியர் இந்த இடைவெளியில்தான் முளைத்தது. அவர்களுடைய மூளையைக் குறைசொல்ல அதில் ஒன்றும் இல்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிகளுக்கு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கான சான்றிதழ் ‘படிவம் 3’-இல் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி அதில் கையெழுத்திட வேண்டும். பங்கேற்புச் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டு, விண்ணப்பிக்கும் நேரத்தில் இந்தப் படிவம் இல்லாமல் கையைப் பிசைந்தவர்கள் ஏராளம். அதை உரிய காலத்தில் வாங்கித் தந்திருக்க வேண்டியது எங்களைப் போன்றவர்களின் வேலை என்பதையும் சொல்லியாக வேண்டும். படிவம் கையில் இருந்தாலும், முதல் மூன்று இடங்களில் வந்தவர்களுக்குப் பின்னரே மற்றவர்கள் பரிசீலிக்கப்படுவார்கள். போதாக்குறைக்கு நீங்கள் செட்டர். ஓர் அணிக்கு ஒரு செட்டர், மிஞ்சினால் இருவர். ரயில்வே அணியோ வங்கி அணியோ ஆள் எடுக்கும்போது ஸ்மாஷ் அடிப்பவர்களுக்கு இருக்கும் இடங்களில் பாதிகூடச் செட்டருக்கு இராது.

உங்கள் மகளைத் தடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் போன்ற மேடை உங்கள் காலத்தில் இல்லை. ஆனால், சேருமுன் உடற்கல்வி இயக்குநரிடமும் முதல்வரிடமும் நீங்களே நேரில் பேசிவிடுங்கள். போட்டிக்குப் போயிருக்கும்போது நடக்கும் உள்மதிப்பீட்டுத் தேர்வை அவள் பின்னர் எழுத முடியுமா? செய்முறை வகுப்புக்கு மாற்று நாள் உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்துபோனால் அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, அவள் ஆட முடியாத காலத்திலும் கட்டணச் சலுகை தொடருமா என்று கேளுங்கள். அத்தகைய காயத்துக்குப் பின் களத்துக்குத் திரும்ப ஏறக்குறைய ஒரு கல்வியாண்டே கழிந்துவிடும். சலுகை தொடரும் என்றால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மழுப்பினால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரியில் 400 மீட்டர் ஓட்டத்தில் பதக்கங்கள் வாங்கியவள் நான். திருமணத்தோடு எல்லாம் நின்றது. இப்போது வயது 41. மீண்டும் ஓட ஆசையாக இருக்கிறது, வீட்டில் சிரிக்கிறார்கள்.
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மூத்தோர் தடகளம் என்று தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. உலக அளவில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகளாகப் போட்டிகள் நடக்கின்றன. நீங்கள் 40–44 பிரிவில் ஓடலாம். சண்டிகரைச் சேர்ந்த மான் கௌர் 93 வயதில் ஓடத் தொடங்கி, 2017-இல் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டரில் தங்கம் வாங்கினார். அவருக்குக் கல்லூரிப் பதக்கம் எதுவும் இருந்ததில்லை.

ஆனால், எடுத்தவுடன் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் காலணியை மாட்டிக்கொண்டு பழைய நேரத்தைத் துரத்தாதீர்கள். ஓட வேண்டிய வேகம் மனத்துக்கு நினைவிருக்கும். குதிகால் நாணுக்கும் பின்தொடைத் தசைக்கும் அந்தப் பழக்கம் விட்டுப்போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மருத்துவரிடம் ஒருமுறை இதயப் பரிசோதனை செய்துகொண்டு, முதல் சில மாதங்கள் நடையும் மெதுவோட்டமும் கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சியுமாக வைத்துக்கொள்ளுங்கள். முழு வேக ஓட்டம் அதற்குப் பிறகு வரட்டும். பதக்க ஆசை இருந்தால் முதலில் 200 மீட்டருக்குப் பெயர் கொடுங்கள். 400 மீட்டரின் கடைசி நூறு எந்த வயதிலும் கொடுமையானது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.