எகிப்துக்கு எட்டு நாள்: எதை விடுவது, எங்கே தங்குவது?

கேள்வி: தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது சுங்கை சிப்புட் பட்டணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். செம்பனை ஆலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் கணவருக்கு எகிப்தைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அவருக்கு முழங்கால் வலி உண்டு. பயண முகவர் ஒருவர், ஜூன் மாதத்தில் எட்டே நாளில் கெய்ரோ, அலெக்சாந்திரியா, லக்சர், அஸ்வான், அபு சிம்பெல், செங்கடல் கரை எல்லாவற்றையும் காட்டிவிடுவதாகச் சொல்கிறார். முன்பணம் கட்டலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இந்தத் திட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. ஜூன் முதல் ஆகஸ்டு வரை லக்சரில் பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். நிழலே இல்லாத அந்த வெளியில் முழங்கால் வலியுள்ள ஒருவரை நடக்க வைப்பது கொடுமை. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் செல்லுங்கள். இரவில் குளிரும் என்பதால் கம்பளிச் சட்டை தேவைப்படும். நோன்பு மாதத்தில் பல இடங்களை முன்னதாகவே மூடிவிடுவார்கள் என்பதால் அதையும் தவிர்ப்பது நல்லது.

அடுத்து, அலெக்சாந்திரியாவையும் செங்கடலையும் நீக்கிவிடுங்கள். அபு சிம்பெல் கோயிலை விடச் சொல்வது எனக்கே வருத்தமாக இருக்கிறது. அஸ்வான் அணையில் தேங்கும் நீரில் மூழ்காதிருக்க, 1964 முதல் 1968 வரை அக்கோயிலை அறுத்தெடுத்து ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் நிறுவினார்கள். ஆனால் அஸ்வானிலிருந்து அங்குப் போய்த் திரும்ப ஒரு முழு நாள் போய்விடும்; அதனால் அஸ்வானையும் சேர்த்தே விட்டுவிடுங்கள். கெய்ரோவில் மூன்று இரவு, லக்சரில் நான்கு இரவு என்று தங்கினால் போதும். இரண்டு நகருக்கும் இடையே விமானத்தில் ஒரு மணி நேரப் பயணந்தான்.

கெய்ரோவை முதலில் வைத்துக்கொண்டால் காலவரிசையும் பொருந்தி வரும். கீசாவின் பெரிய பிரமிடு கி.மு. 2560 அளவில் எழுந்தது. லக்சரில் நீங்கள் காணப்போகும், மன்னர் இரண்டாம் ராம்சேஸின் கட்டடங்கள் அதற்கு ஏறக்குறைய 1,300 ஆண்டுகள் பிற்பட்டவை. பிரமிடின் உட்பாதை குறுகலும் செங்குத்துமானது; உங்கள் கணவர் வெளியிலிருந்து பார்ப்பதே போதும். அருகிலுள்ள பெரும் எகிப்திய அருங்காட்சியகத்தில், 1922இல் கண்டெடுக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறைப் பொருள்கள் இருக்கின்றன; அதற்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள்.

லக்சரில் கர்னாக் கோயிலையும் மன்னர் பள்ளத்தாக்கையும் எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது நைல் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள தெய்ர் எல்-மெதினா. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. ஒரு நெடும் தெருவின் இரு பக்கமும் சுவரோடு சுவராக நிற்கும் அந்தச் சிறு வீடுகளின் அடித்தளங்களைக் கண்டால், லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது. நம் தோட்டத்துப் பெரட்டைப் போலவே அங்கும் ஆள்கணக்கு எடுத்திருக்கிறார்கள். இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு சுண்ணாம்புக் கல்லில், இன்னார் தேள் கடித்ததால் வரவில்லை, இன்னாருக்குக் கண்நோய் என்று வேலைக்கு வராதவர்களைப் பற்றிக் குறித்திருக்கிறார்கள்; அது இப்போது இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கூலியாகத் தரவேண்டிய தானியம் வராமல் போகவே, இந்த ஊர்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயிலருகே போய் அமர்ந்தார்கள். எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களுள் நாம் அறிந்த மிகப் பழையது இதுவே. மன்னர்களின் பெயர்களை மட்டும் கேட்டுத் திரும்புகிறவர்களுக்கு எகிப்தின் பாதிதான் கிடைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தெய்ர் எல்-மெதினாவில் ஓவியம் நிறைந்த கல்லறைகளுக்குள் இறங்கும் படிகள் செங்குத்தானவை. உங்கள் கணவர் மேலேயே இருந்து ஊரைச் சுற்றிப் பார்க்கட்டும்.

தமிழாசிரியையான உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். செங்கடல் துறைமுகங்களான குசேர் அல்-காதிமிலும் பெரெனிகேயிலும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. பெரெனிகே கோயிலொன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகும் கிடைத்தது. அங்கெல்லாம் நீங்கள் போக வேண்டியதில்லை. படித்துவிட்டுச் சென்றால் போதும்.

முகவரிடம் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். லக்சரில் நான்கு இரவு, தெய்ர் எல்-மெதினாவுக்கு அரை நாள், நுழைவுச் சீட்டுகளில் எவை கட்டணத்தில் அடங்கும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பின்பே முன்பணம் கொடுங்கள்.