வேப்பமுத்து: 30 லிட்டர் கணக்கு

கேள்வி: சிறிய திருகு இயந்திரத்தில் வேப்பெண்ணெய் ஆட்டி, பூச்சிவிரட்டி தயாரிப்பவர்களுக்குக் கொடுக்கிறேன். 100 கிலோ முத்துக்கு 11 கிலோதான் கிடைக்கிறது. 30 லிட்டர் வரும் என்று சொன்ன விற்பனையாளர், இப்போது ஹீட்டர் பொருத்தச் சொல்கிறார். பொருத்தலாமா?

பதில்: வேண்டாம். 100 கிலோ முத்தை உடைத்தால் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே பருப்பு தேறும், மற்றதெல்லாம் ஓடு. பருப்பில் எண்ணெய் 40 முதல் 50 சதவீதம். ஆக, உள்ளே இருப்பதே ஏறத்தாழ 20 கிலோ. சூடேற்றாமல் ஆட்டும்போது அதிலும் ஒரு பங்கு புண்ணாக்கோடு போகும். பருப்புக்கு உரிய கணக்கை முத்துக்குச் சொல்லி உங்களிடம் விற்றிருக்கிறார்கள். கிலோவை லிட்டராக மாற்றியதில் அந்த எண் இன்னும் கொஞ்சம் கொழுத்திருக்கிறது.

ஆனாலும் 11 கிலோ குறைவுதான். புண்ணாக்கு களிபோல் வந்தால் ஈரம் அதிகம். மாவாக உதிர்ந்தால் காய்ந்தது அதிகம். ஈரப்பதம் 8 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். ஓட்டை முழுவதும் நீக்கிவிடாதீர்கள். வெறும் பருப்பு பிடிமானம் இல்லாமல் திருகோடு சேர்ந்து சுற்றும். புண்ணாக்கை உடைத்து இரண்டாம் முறையும் ஆட்டுங்கள்.

உங்கள் எண்ணெய் பெரும்பாலும் தரகரிடமே போய்விட்டது என்பது என் சந்தேகம். எடை ஏறத் தண்ணீர் தெளிப்பார்கள், மண்ணைச் சேர்ப்பார்கள், போன வருடத்து முத்தை அடியில் கொட்டி மேலே புதியதைப் பரப்புவார்கள். மூட்டையின் அடியிலிருந்து இருபது முத்தை எடுத்து உடைத்துப் பாருங்கள். பருப்பின் நிறமே பச்சையாக இருந்தால் நல்லது. கறுத்தவை நான்கைந்து இருந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள். மண் திருகையும் தேய்த்துவிடும்.

சூடு கூடாது என்பதற்குக் காரணம், பூச்சியை விரட்டும் அசாடிராக்டின் சூட்டில் சிதைவதுதான். சோப்புக்கு மட்டும் விற்பவருக்கு இந்தக் கவலை இல்லை, அவர் சூடேற்றலாம். சோப்புக்கு மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சோப்புக்கென்று சூடேற்றி எடுத்த எண்ணெயில் மிஞ்சியதைப் பூச்சிவிரட்டி டிரம்மில் ஊற்றினால், அது சோப்பு எண்ணெய் அல்ல, ஏமாற்று எண்ணெய். இரண்டுக்கும் தனித்தனி டிரம், தனித்தனி சீட்டு வேண்டும்.

மானியம் என்றாலே இங்கே எல்லோரும் இயந்திரத்தைத்தான் பேசுகிறார்கள். பழம் விழுந்த அன்றே சதை நீக்கிக் கழுவி நிழலில் உலர்த்த ஓர் இடம் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஹீட்டருக்கு ஒதுக்கிய பணத்தில், ஆனி பிறப்பதற்குள் ஒரு கூரைக் களம் போட்டுவிடுங்கள்.