பிஎச்டிக்குப் பிறகு எந்த வேலை ஒத்துவரும் என்று சுயமதிப்பீட்டுத் தேர்வுகள் சொல்லுமா?

கேட்டவர் போஸ்ட்டாக்கில், அதாவது பிஎச்டிக்குப் பிறகான தற்காலிக ஆய்வுப் பணியில், இருக்கிறார். பேராசிரியர் ஆகும் ஆசை வடிந்துவிட்டது, வேறு எது சரிப்படும் என்று பிடிபடவில்லை, இணையத்தில் கிடைக்கும் தேர்வுகளை நம்பலாமா என்பது கேள்வி.

தாராளமாகச் செய்து பாருங்கள். கடைசியில் வரும் மதிப்பெண்ணை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறிவியல்காரர்களுக்கு 2012-இல் வந்த மை ஐடிபி என்ற இணையதளம் இருக்கிறது, இலவசம்தான். தேர்வோடு, இனி என்ன செய்யலாம் என்று உங்களுக்கான ஒரு வளர்ச்சித் திட்டமும் அதில் போடலாம். வரலாறு, இலக்கியம், சமூகவியல் பக்கம் இருப்பவர்களுக்கு அதே மாதிரி இமேஜின் பிஎச்டி என்ற தளம். இரண்டுமே திறமை, ஆர்வம், வாழ்க்கையில் எதை முக்கியமாக நினைக்கிறீர்கள் என்ற மூன்றையும் கேட்கும்.

பலரும் திறமைப் பகுதியில்தான் மூழ்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மூன்றில் குறைவாக உதவுவது அதுதான். வருடக்கணக்காக லேபே கதி என்று கிடந்தவருக்குச் சோதனை செய்வது கைவந்த கலையாக இல்லாமல் எப்படி இருக்கும்? அதை வைத்துக் கணக்குப் போட்டால் மறுபடியும் லேபையே காட்டும்.

ஆர்வப் பகுதிதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். என் தோழி ஒருவர் சோதனைகளுக்குத் திறமையில் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, ஆர்வத்தில் அதற்கே அடிமட்டம் போட்டிருந்தார். ஆனால் பக்கத்து லேப்காரர்கள் தங்கள் கட்டுரைகளை அவர் தலையில் கட்டினால் சலிக்கவே மாட்டார். முடிவுகள் பகுதியைப் பிரித்துப்போட்டு, படங்களின் வரிசையை மாற்றி, படக்குறிப்பில் விடுபட்ட அலகு வரை பார்த்துத் திருப்பி அனுப்புவார். அதை ஒரு வேலையாகவே அவர் நினைத்ததில்லை. இப்போது மருந்து நிறுவனம் ஒன்றில் மருத்துவப் பரிசோதனை அறிக்கைகள் எழுதுகிறார்.

மூன்றாவது பகுதியில் சம்பளம், ஊர், வேலைப் பாதுகாப்பு, நேரம் நம் கையில் இருப்பது எல்லாம் வரும். எல்லாவற்றுக்கும் ‘மிக முக்கியம்’ போட்டால் செய்ததே வீண். எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று பாருங்கள். வீட்டில் இருப்பவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

அப்புறம் ஆட்களிடம் பேச வேண்டும். பதவிப் பெயரை வைத்து ஒன்றும் தெரியாது. மெடிக்கல் சயின்ஸ் லயசன் (மருந்து நிறுவனத்தின் சார்பில் மருத்துவர்களிடம் மருந்தின் அறிவியலைப் பேசுபவர்) என்றால் ஆராய்ச்சி மணம் வீசும், ஆனால் பாதி வாழ்க்கை மருத்துவர்களைத் தேடிப் பயணத்தில் போகும். காப்புரிமை வேலை நேர்மாறு: ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசித்து, ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுதுவது. நீங்கள் யோசிக்கும் வேலையில் ஏற்கெனவே இருப்பவரிடம் இருபது நிமிடம் கேளுங்கள். “உங்கள் வேலை எப்படி?” என்றால் “நன்றாக இருக்கிறது” என்று முடித்துவிடுவார். “நேற்று காலையிலிருந்து என்ன செய்தீர்கள்? எதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் விஷயம் வரும். அந்தப் பேச்சிலேயே வேலை கேட்டுவிடாதீர்கள், முகம் மாறிவிடும்.

கைடிடம் இதையெல்லாம் காட்ட வேண்டுமா என்று சிலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்ஐஎச்கூட, 2014 முதல் தன் நிதியில் நடக்கும் ஆய்வுகளின் முன்னேற்ற அறிக்கையில் இப்படிப்பட்ட வளர்ச்சித் திட்டங்கள் பயன்படுத்தப்படுகின்றனவா என்றுதான் கேட்கிறது. திட்டத்தையே இணைக்க வேண்டாம் என்கிறது. இந்த ஆண்டு எந்தத் திறமையை வளர்க்கப் போகிறீர்கள் என்ற பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். ஆர்வப் பக்கம் உங்களிடமே இருக்கட்டும்.