மலாயா, பர்மா போர்க்காலப் படங்களும் தாத்தாவின் நினைவுகளும்: கேள்வி பதில்

கேள்வி (தேவகோட்டை): ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) சீருடையில் தாத்தா இருக்கும் ஒரே படம், ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது?

பதில்: பிரிக்கவே வேண்டாம். ஈரப்பதத்தில் படத்தின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. இழுத்தால் காகிதம் மட்டும் கையோடு வரும், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். பின்னட்டையையும் ஆணிகளையும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து 600 டிபிஐ-யில் டிஃப் கோப்பாக எடுங்கள். மெல்லிய ரக ஸ்கேனர்களில் கண்ணாடியின் தடிமனால் படம் மங்கலாக வரும். அப்போது கேமராவை நேர் மேலே நிறுத்தி, இரு பக்கமும் விளக்கை 45 டிகிரி சாய்த்து வைத்து எடுங்கள். பின்பக்கம் தெரிந்தால் அதையும் விடாதீர்கள். ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரிந்துவிடும்.

கேள்வி (ஈப்போ): படங்களில் வெள்ளையாகப் பூஞ்சை. ஈரத் துணியால் துடைக்கலாமா?

பதில்: கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டதும் கரையும், படமும் அதோடு போய்விடும். நிழலில் காற்றாட உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் சுருண்டு வெடிக்கும். பூஞ்சை காய்ந்து பொடியானபின், முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா. ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கேள்வி: லேமினேட் செய்துவிட்டால்?

பதில்: வேண்டாம். சூடும் பசையும் ஏறிய படத்தை மீட்க வழியில்லை. பாலியெஸ்டர் உறையில் போடுங்கள், பிவிசி உறை ஆகாது. பெயர்களைப் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்.

கேள்வி (கிள்ளான்): தாத்தாவுக்கு 98 வயது. போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையில் வேலை செய்தவர். வருடம் கேட்டால் குழம்புகிறார்.

பதில்: வருடத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். தோட்டத்திலிருந்து யார் கூட்டிப்போனார்கள், எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினார், போய்ச் சேர்ந்தபோது மழையா வெயிலா என்று. தேதியை நாம் பொருத்திக்கொள்ளலாம்: சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15, பாதையின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் 17. தவறாகச் சொன்னாலும் குறுக்கே திருத்தாதீர்கள், திருத்தினால் அடுத்த முறை பேசத் தயங்குவார்.

போனை ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவருக்கு ஒரு முழத்துக்குள் வையுங்கள். ஃபேனை அணைக்க மறக்க வேண்டாம், அந்த இரைச்சல்தான் பதிவுகளைக் கெடுக்கிறது. படத்தைக் காட்டும்போது, "இடமிருந்து மூணாவதா நிக்கிறவர் யாரு தாத்தா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர் விரல் சுட்டுவது ஒலிப்பதிவில் தெரியாது. காலரா, சாவு என்று பேச்சு வந்து அவர் மௌனமானால் காத்திருங்கள், தூண்டாதீர்கள். ஒரு தடவைக்கு 40 நிமிடம் போதும்.

கேள்வி (சிவகங்கை): ஐ.என்.ஏ.வில் இருந்ததற்கு ஆவணம் எங்கே தேடலாம்?

பதில்: முதலில் வீட்டு டிரங்குப் பெட்டியில். தியாகி ஓய்வூதிய உத்தரவு இருந்தால் அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளம். ஒரே பெயரை நாலைந்து ஆங்கில எழுத்துக்கூட்டலில், இனிஷியலோடும் இல்லாமலும் தேடிப் பாருங்கள்.